கழிவு என்னும் விலைச்சொல்

உயிரிவேதிப்பொருள் குறித்த ஆய்வு முன்மொழிவுகளில் ‘விலையில்லாக் கழிவு’ என்னும் தொடரைக் காணுந்தோறும், அது வேதியியலன்று, பேரம் என்றே எனக்குப் படுகிறது. மொழியியல் படித்தவருக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். சொல்லே விலையை நிர்ணயிக்கும் இடத்தில் வேலை உண்டு.

சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகையே பாருங்கள். சர்க்கரை படிகமாகப் பிரிந்தபின் எஞ்சும் அக்கரிய பாகைப் புளிக்கவைத்து எத்தனால் வடிக்கிறார்கள். எத்தனாலிலிருந்து அசிட்டிக் அமிலம் முதலியவை கிடைக்கின்றன. 1961-இலேயே மைய அரசு அதற்கெனத் தனிக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. ஆணை போட்டுக் காக்குமளவு மதிப்புற்ற பொருள், தமிழில் இன்றளவும் கழிவு!

இப்போது வைக்கோலின் முறை. பானிப்பட்டில் 2022-இல் திறக்கப்பட்ட இந்தியன் ஆயிலின் எத்தனால் ஆலை, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டன் வைக்கோலைப் பயன்படுத்தும்படி திட்டமிடப்பட்டது. அங்கே நெல்லறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைப்பவை சில வாரங்களே. அதற்குள் வைக்கோலைத் திரட்டி, கட்டி, ஏற்றிச் சென்று, பின் மாதக்கணக்கில் நனையாமல் காக்கவேண்டும். கூலி, டீசல், இடம் என, லிக்னினிலிருந்து செல்லுலோசைப் பிரிக்குமுன்பே செலவு ஏறிவிடுகிறது. மூலப்பொருளின் விலை சுழியம் என்றெழுதும் கணக்கு, உழவருக்குரிய தொகையைத்தான் கழிக்கிறது. (வணிக வழக்கில் ‘கழிவு’ என்றால் விலைக்குறைப்பு என்றும் பொருளுண்டு, தற்செயல்தான், ஆயினும் பொருத்தம்.)

எரித்தால் அபராதம் என்கிறது அரசு. எடுத்தால் இலவசம் என்கிறது ஆய்வுத்தாள். இரண்டுக்கும் நடுவே நிற்பவர் ஒருவரே.

துணைவிளைபொருள் என்று எழுதுங்கள். டன்னுக்கு உழவருக்கு இவ்வளவு என்று ஒரு வரியையும் சேருங்கள். அவ்வரி சேர்ந்தபின்னும் இலாபம் நிற்கிறதா என்று நிதி வழங்கும் குழுக்கள் கேட்கட்டும்.