பூனைக்கு எந்தப் பட்டை?



வளர்ப்புப் பூனைக்குக் கழுத்துப்பட்டை அவசியம் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையை ஏற்கிறேன். எந்தப் பட்டை என்பதைத்தான் அது சொல்லவில்லை. எங்கள் தெருப் பூனை ஒன்று தொளதொளவென்ற பட்டைக்குள் முன்னங்காலை நுழைத்துக்கொண்டு, அக்குளில் தோல் உரிந்து சீழ் கோத்து வந்தது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தோம். நாய்ப் பட்டையின் பக்கிள் இழுத்தாலும் விடாது. மரமேறும் பூனை கிளையில் மாட்டினால் கழுத்து இறுகிவிடும். இழுபட்டால் தானே கழன்றுகொள்ளும் பட்டை பூனைக்கென்றே இருக்கிறது. கடையில் கேட்டால் மணி கட்டியதையே நீட்டுகிறார்கள். கழுத்துக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும், பட்டையில் தொலைபேசி எண் எழுதினால் போதும். வளரும் குட்டிக்கு இறுக்கத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். தடுப்பூசி போட வருபவர்களிடம் கால்நடை மருத்துவர்களே தானே கழலும் பட்டையைக் காட்டி விளக்கலாம்.

– ஒரு வாசகி, நாகர்கோவில்