எண்பிக்க வேண்டியவர் யார்?

இரவோடிரவாக வேலியை நகர்த்திவிட்டு, "இந்த நிலம் உன்னுடையது என்பதை நீயே காட்டு" என்று ஒருவன் அயலவனைக் கேட்டால் ஊர் ஒப்புமா? "உரிமை கோருகின்றவன் நீ, உன் உறுதியைக் கொண்டுவா" என்றே பெரியவர்கள் சொல்வார்கள். சட்டம் படியாத கமக்காரனும் அறிந்த இந்த நியாயத்தையே 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டமும் கூறுகின்றது. ஒரு விடயம் உண்மையென்று சொல்லித் தீர்ப்புக் கேட்பவரே அதனை எண்பிக்க வேண்டும் என்கிறது அதன் 101ஆம் பிரிவு. ஒருவருடைய ஆட்சியில் இருக்கும் பொருள் அவருக்கு உரியதன்று என்பவரே அதனை எண்பிக்க வேண்டும் என்கிறது 110ஆம் பிரிவு.

உயிரும் சுதந்திரமும் பணயமாகும் குற்ற வழக்கில் இந்நியாயம் மேலும் வலுப்பெறுகின்றது. இங்கிலாந்திலே மனைவியைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இளம் பண்ணைத் தொழிலாளி ஒருவன், துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்றான். தவறுதல் என்பதை அவனே எண்பிக்க வேண்டும் என்று நீதிபதி யூரிமாருக்கு அறிவுறுத்த, மரண தண்டனை கிடைத்தது. 1935இல் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை நீக்கியது. குற்றத்தை எண்பிப்பது வழக்குத் தொடுப்போரின் கடமையே என்றும், ஆங்கிலக் குற்றவியற் சட்டம் முழுவதிலும் ஓடும் பொன்னிழை அதுவே என்றும் சான்கி பிரபு கூறினார்.

எமது நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும், குற்றவாளி என எண்பிக்கப்படும் வரை எவரும் நிரபராதியே என்று 13(5)ஆம் உறுப்புரையிற் சொல்கின்றது. ஆனால் அதே உறுப்புரையின் இறுதியில், குறித்த சில விடயங்களை எண்பிக்கும் சுமையைச் சட்டத்தின் மூலம் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே ஏற்றலாம் என்றும் எழுதப்பட்டது. முன்படலையைப் பூட்டிவிட்டுக் கோடிப்புற வேலியைப் பிரித்துவிட்ட ஏற்பாடு இது.

அடுத்த ஆண்டே அவ்வழியால் பயங்கரவாதத் தடைச் சட்டம் நுழைந்தது. பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதல் செல்லாது என்பது பொதுச் சட்டம். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்திற்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் செல்லும் என்றது. அது வதையினால் பெறப்பட்டதாயின், அதனை எண்பிக்கும் பொறுப்பையும் கைதியின் தலையிலேயே வைத்தது. மட்டக்களப்பில் 1993இல் கைதான தமிழ் இளைஞர் ஒருவர், இத்தகைய ஒப்புதல் ஒன்றை மட்டுமே சான்றாகக் கொண்டு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. ஒப்புதல் சுயவிருப்பானது என்பதை அரசே எண்பித்திருக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004இல் இவ்வழக்கிற் கூறியது. எனினும், 2022இல் சட்டம் திருத்தப்பட்ட போதும் இப்பிரிவில் எவரும் கை வைக்கவில்லை.

சிறைக்கூடத்தில் நிகழ்ந்தது காணியிலும் நிகழ்ந்தது. காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவும், மாறாக எண்பிக்கப்படும் வரை, முடிக்குரியன என்று 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஊகித்தது. கண்டிப் பிரதேசத்துச் சேனை நிலத்திற்குச் சன்னசு முதலிய பத்திரங்களைக் காட்டு என்று அது சிங்களக் குடியானவனைக் கேட்டது. தலைமுறைகளாக உழுதவனிடம் மண் இருந்தது, பத்திரம் இருக்கவில்லை.

அதே கேள்வி 2025 மார்ச் 28ஆம் திகதி வடக்கை நோக்கி வந்தது. 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான வர்த்தமானி அறிவித்தல், ஏறக்குறைய 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துள் உரிமை கோருக, இன்றேல் அவை அரச காணியாகும் என்றது. இடப்பெயர்விலே உறுதியைத் தொலைத்தவரும், கடல் கடந்து வாழும் வாரிசுகளும் மூன்று மாதத்தில் எதை எண்பிப்பர்? யுத்த காலத்தில் மக்கள் தம் காணிக்காக நீதிமன்றம் செல்ல இயலவில்லை என்பதை 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தால் ஏற்றுக்கொண்டதும் இதே அரசன்றோ? அவ்வாண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திராவிடின் எத்தனை வயல்கள் கைமாறியிருக்குமோ!

பயங்கரவாதம் மறைவில் நிகழ்வது, சான்று கிடைப்பதரிது என்பர் சிலர். காணிக் குழப்பத்தை என்றேனும் தீர்க்க வேண்டாமா என்பர் வேறு சிலர். அவர்கட்குச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 106ஆம் பிரிவையே விடையாக வைக்கின்றோம். ஒரு விடயம் ஒருவருடைய விசேட அறிவிற்குட்பட்டதாயின், அதனை எண்பிக்கும் பொறுப்பு அவருடையதே என்கிறது அது. பூட்டிய அறையில் நடந்ததைக் காவலில் வைத்தவர் அறிவார். நில அளவைப் படங்களும் பதிவேடுகளும் அரசின் அலுமாரிகளில் உள்ளன. சாவியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து காட்டு என்று குடிமகனை அரசு கேட்பது எவ்விதத்தில் முறையாகும்?

ஆகவே, எண்பிக்கும் சுமையைக் குடிமக்கள் மேல் மாற்றும் எந்த ஏற்பாடும், எப்பெயர் தாங்கிய சட்டத்தில் வந்தாலும், எம் பிரதிநிதிகள் அதனைச் சொல்லுக்குச் சொல் எதிர்த்து நிற்க வேண்டும். கமக்காரர்கள் தம் உறுதிகளின் பிரதிகளை இன்றே எடுத்துப் பாதுகாக்க வேண்டும். சட்டத்தரணிகள் கட்டணம் பாராது கிராமங்களுக்குச் சென்று அதற்குத் துணைநிற்க வேண்டும். குற்றமற்றவன் என்றும் நிலத்துக்குரியவன் என்றும் நாள்தோறும் எண்பித்துக்கொண்டே வாழக் கடமைப்பட்டவன், சட்டத்தின் கண்ணில் முழுக் குடிமகன் ஆகமாட்டான்.