நடனத்துக்கு யார் சம்பளம் போடுவது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆடத் தெரியாது. பி.காம் முடித்து வங்கியில் சேர்ந்து, மாற்றல் மேல் மாற்றலாக வாங்கி, இப்போது வதோதராவில் கடன் விண்ணப்பங்களைப் புரட்டிக்கொண்டிருப்பவன். கலைஞர்கள் வாழ்க்கையைப் படித்தாலும் 'அதெல்லாம் சரி, வாடகைக்கு என்ன செய்தார்?' என்றுதான் புத்தி போகும். தொழில் வியாதி!

அப்படிப் படித்ததில் மனதில் நின்றவர் காதரின் டன்ஹாம். அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. 1909ல் பிறந்து 2006ல், 96 வயதில் மறைந்தவர். நவீன நடனத்தில் ஆப்பிரிக்க, கரீபியன் அசைவுகளைக் கொண்டுவந்து, 'டன்ஹாம் முறை' என்று ஒரு பயிற்சி முறையே உருவாக்கியவர். இவரைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலும் மேடையும் சினிமாவும்தான் பிரதானம். பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த காலம் ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு மாதிரி கடைசிப் பத்தியில் வந்து போகும்.

என் கட்சி நேர் எதிர். அந்தக் கடைசிப் பத்திதான் மேலே உள்ளதையெல்லாம் காப்பாற்றியது.

கணக்கை முதலிலிருந்து பார்ப்போம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்துக்கொண்டிருந்த டன்ஹாமுக்கு 1935ல் ரோசன்வால்டு அறக்கட்டளை உதவித்தொகை கொடுத்தது. அந்தப் பணத்தில் ஜமைக்கா, ஹைட்டி, மார்ட்டினிக், டிரினிடாட் என்று தீவு தீவாகப் போய், ஜனங்கள் எப்படி ஆடுகிறார்கள், எதற்காக ஆடுகிறார்கள் என்று கூடவே ஆடித் தெரிந்துகொண்டு வந்தார். மார்ட்டினிக்கின் சண்டை ஆட்டம் ஒன்றை வைத்து 1938ல் 'லாக்யா' என்ற நாட்டிய நாடகம் போட்டார். பிறகு பிராட்வே, 1943ல் 'ஸ்டார்மி வெதர்' சினிமா, நியூயார்க்கில் சொந்தப் பள்ளி, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுற்றுப்பயணம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

இப்போது நம்ம பக்கத்து மேசைக்கு வாருங்கள். ஒரு நடனக் குழு கடன் கேட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடமானம்? கிடையாது. கையிருப்புச் சரக்கு? உடுப்புகளும் மேளங்களும். வரவு? அடுத்த ஒப்பந்தம் கிடைத்தால் உண்டு. செலவு மட்டும் தவறாமல் வரும்: ஆட்டக்காரர் சம்பளம், கப்பல் டிக்கெட், ஓட்டல் பில். எந்த மேனேஜரும் கையெழுத்துப் போட மாட்டார், நான் உள்பட. டன்ஹாம் சினிமாவிலும் இரவு விடுதிகளிலும் சம்பாதித்ததைக் கொட்டித்தான் குழுவை ஓட்டினார். அரசு மானியம் கிடையாது.

ஏன் கிடையாது என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. 1951ல் சிலி நாட்டின் சாந்தியாகோவில் 'சவுத்லேண்ட்' என்ற நாட்டியத்தை அரங்கேற்றினார். கறுப்பின ஆண் ஒருவனைக் கும்பல் மரத்தில் தொங்கவிடும் கொடுமைதான் கதை. வெளிநாட்டில் போய் நம் மானத்தை வாங்குகிறாரே என்று அமெரிக்கத் தூதரகத்துக்குக் கோபம். மூன்றே வருஷத்தில், 1954ல், அமெரிக்க அரசு தன் செலவில் ஹோசே லிமோன் குழுவை அதே தென்னமெரிக்காவுக்கு அனுப்பியது. டன்ஹாம் குழுவுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. நியூயார்க் பள்ளி மூடப்பட்டது. குழுவும் 1960களில் கலைந்தது.

இங்கேதான் பல்கலைக்கழகம் வருகிறது. 1960களின் நடுவில் தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. 1967ல் அதன் ஆதரவில் கிழக்கு செயின்ட் லூயிஸில் ஒரு நிகழ்கலைப் பயிற்சி மையம் தொடங்கினார். தொழிற்சாலைகள் மூடி, வேலையில்லாமல், இனக் கலவரத்தில் கொதித்துக்கொண்டிருந்த ஊர். தெருவில் கோஷ்டி சேர்த்துத் திரிந்த பையன்களைக் கூப்பிட்டு மேளம், தற்காப்புக் கலை, நடனம் என்று கற்றுக்கொடுத்தார். அந்த வருஷங்களில் உருவான மாணவர்களும் ஆசிரியர்களும் அந்த முறையைக் கைமாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இன்றைக்கும் அது முறைப்படி கற்பிக்கப்படுகிறது. கைதட்டலால் இது நடக்காது. மாதாமாதம் சம்பளம், ஒரு கூடம், வருஷா வருஷம் புது மாணவர்கள், இந்த மூன்றும் வேண்டும். இதை எந்த டிக்கெட் கவுன்ட்டரும் தராது.

வேலை கிடைத்தால் கலைஞர் சோம்பேறியாகிவிடுவார், சூடு தணிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். இதே டன்ஹாம் 1992ல், 82 வயதில், ஹைட்டி அகதிகளைத் திருப்பி அனுப்புவதை எதிர்த்து 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார். எங்கே தணிந்தது?

நான் இருக்கும் ஊரே இதற்கு இன்னொரு சாட்சி. பரோடா மன்னர் சாயாஜிராவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த தஞ்சாவூர் இளவரசியோடு சதிராடும் பெண்களும் நட்டுவனார்களும் வந்தார்கள். அரண்மனை அவர்களைச் சம்பளப் பட்டியலில் வைத்துக்கொண்டது. அந்தக் குடும்பத்து வாரிசு குபேர்நாத் தஞ்சோர்கர் பிற்பாடு இங்குள்ள பல்கலைக்கழகத்தில் நடனம் கற்பித்தார். நம்ம தஞ்சாவூர் ஆட்டம் குஜராத்தில் வேர் பிடித்ததற்கு ரசனை ஒரு காரணம் என்றால், சம்பளம் இன்னொரு காரணம்.

சரி, இன்று டன்ஹாம் மாதிரி ஒருவர் நம் பல்கலைக்கழகத்தில் வேலை கேட்டால்? அவரிடம் இருந்தது மானுடவியலில் இளநிலைப் பட்டம். முதுகலையை முடிக்கவில்லை. முதுகலையும் நெட் தேர்வும் கேட்கும் விளம்பரத்தில் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடுவார். பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் வெளியிட்ட விதிகளில் இசை, நடனக் கலைஞர்களுக்கென்று தனி வழி வைத்தது உண்மை. பேர்பெற்ற குருவிடம் கற்றிருக்க வேண்டும், வானொலி அல்லது தொலைக்காட்சியில் 'ஏ' கிரேடு வேண்டும். மரபு வழி வந்தவருக்குச் சரி. இதுவரை இல்லாத ஒன்றை உருவாக்குகிறவருக்கு எந்தக் குரு, யார் கிரேடு போடுவது?

2022ல் இன்னொரு கதவைத் திறந்தார்கள். 'நடைமுறைப் பேராசிரியர்' என்ற ஏற்பாடு. குறைந்தது 15 வருஷத் தொழில் அனுபவம் இருந்தால் பட்டம் கட்டாயமில்லை. நுண்கலையும் பட்டியலில் உண்டு. மனதார வரவேற்கிறேன். ஆனால் மொத்தப் பணிக்காலம் நாலு வருஷத்தைத் தாண்டக்கூடாது என்கிறது வழிகாட்டுதல். கம்பெனி அதிகாரி வந்து நாலு வருஷம் மேலாண்மை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகலாம். நடனத்தில் ஒரு உடம்பு பழகி, அந்த உடம்பு இன்னொரு உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வர நாலு வருஷம் எந்த மூலைக்கு? வீட்டுக் கடனுக்கே இருபது வருஷத் தவணை தருகிறோம்!

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. நடனத் துறை உள்ள ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒரே ஒரு இடம். புதிதாக நடனம் அமைப்பவருக்கு, பட்டம் பார்க்காமல், அவர் படைத்ததைப் பார்த்து, குறைந்தது பத்து வருஷத்துக்கு. பத்து வருஷம் கழித்து அவர் எத்தனை நிகழ்ச்சி நடத்தினார் என்று எண்ண வேண்டாம். அவரிடம் கற்று, தானே சொந்தமாக நடனம் அமைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

அந்தக் கணக்கு எனக்கே புரிகிறது. கலைத் துறைத் தலைவர்களுக்குப் புரியாதா என்ன?