பாப் செத்துப்போச்சாம்... யார் சொன்னது?

மெயில் செட்டிங்னு வாயைத் திறந்தாலே நம்ம ஆளுங்க ஒரே பாட்டுதான்: “பாப்3 எல்லாம் பழசுப்பா, கண்ணை மூடிக்கிட்டு ஐமேப் போடு.” கண்ணை மூடிக்கிட்டு எதைப் போட்டாலும் என்ன ஆகும்னு எங்க காட்டுப்பாக்கத்துல ஒருத்தர் அனுபவிச்சுட்டார். பாப் போட்டு ஒரு தடவை, ஐமேப் போட்டு ஒரு தடவை. அதனால இந்தப் பதிவு கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க மக்கா.

எங்க தெரு அண்ணன் ஒருத்தர், சின்னதா லேத் பட்டறை வெச்சிருக்கார். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செஞ்சு கொடுப்பார். ஆர்டர், டிராயிங், “அடுத்த வாரம் பணம் போட்டுடறோம்”ங்கிற வாக்குறுதி, எல்லாமே மெயில்லதான். யாரோ ஒரு புண்ணியவான் பாப்3 போட்டுக் கொடுத்துட்டுப் போயிருந்தார். 2015 டிசம்பர் மழையில பட்டறைக்குள்ள தண்ணி ஏறி, மேசைக்குக் கீழ இருந்த சிபியு முழுகிப்போச்சு. கூடவே பத்து வருஷ மெயிலும்.

“சர்வர்ல இருக்கும்ல தம்பி?”ன்னு கேட்டார். இல்லையேண்ணே!

ஏன் இல்லை? பாப்னா போஸ்ட் ஆபீஸ் புரோட்டோகால். பேர்லயே விஷயம் இருக்கு. தபால் ஆபீஸுக்குப் போய், பேரையும் கடவுச்சொல்லையும் சொல்லி, எத்தனை கடிதம்னு கேட்டு, ஒவ்வொண்ணா வாங்கி, “அங்கே இருக்கிறதை அழிச்சுடு”ன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துடறது. “போயிட்டு வர்றேன்”னு முறையா விடைபெற்ற பிறகுதான் சர்வர் நிஜமாவே அழிக்கும். நடுவுல லைன் கட்டானா எதுவும் அழியாது. “சர்வர்லயும் ஒரு பிரதி இருக்கட்டும்”னு ஒரு டிக் அடிச்சிருந்தா அண்ணன் பிழைச்சிருப்பார். அந்த டிக்கை யாரும் அடிக்கலை, அவர்கிட்ட சொல்லவும் இல்லை.

இதுக்காக பாப்பைத் திட்டாதீங்க. 1995 ஆகஸ்ட் 15 அன்னிக்கு விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்ததே, அந்த டயல்-அப் காலத்தை நினைச்சுப் பாருங்க. மோடம் கீச்சுக்கீச்சுனு கத்தி லைன் கிடைச்சதும் மெயிலை இறக்கிட்டு உடனே கட் பண்ணணும். போன் பில் ஒரு பக்கம், இணைய மணிக்கணக்கு ஒரு பக்கம். சர்வர்ல இடமும் கொஞ்சம்தான். அந்த நிலைமைக்குப் பாப் அளவெடுத்துத் தைச்ச சட்டை.

அப்புறம் இந்த “பழசு, புதுசு” கதை இருக்கே, அதுதான் எனக்கு உச்சக்கட்டக் கடுப்பு. ஐமேப்பை ஸ்டான்போர்டுல மார்க் கிறிஸ்பின் உருவாக்கினது 1986ல. பாப்3 வந்தது 1988ல! முதல் பாப் 1984ங்கிறது வேற கதை. ஆக நீங்க “பழசு”ன்னு தள்ளற பாப்3, நீங்க “புதுசு”ன்னு கொண்டாடற ஐமேப்பைவிட ரெண்டு வயசு சின்னது. வயசை வெச்சா தேர்ந்தெடுக்கிறது? கடிதம் எங்கே குடியிருக்கணும்ங்கிறதுதான் கேள்வி.

ஐமேப்ல கடிதம் தபால் ஆபீஸ்லயே இருக்கும். நீங்க ஜன்னல் வழியாப் பார்க்கறீங்க, அவ்வளவுதான். படிச்சது, படிக்காதது, கோப்புறை, அனுப்பின மடல், எல்லாம் அங்கேயே. போன்ல படிச்சா ஆபீஸ் கணினியிலயும் படிச்சதாத் தெரியும். பாப்புக்கு உள்பெட்டியைத் தவிர வேற எதுவும் தெரியாது. ரெண்டு மூணு கருவி வெச்சிருக்கிறவங்களுக்கு ஐமேப்தான் சரி. இதுல எனக்கு மாற்றுக்கருத்தே கிடையாது.

வெள்ளத்துக்கு அப்புறம் அண்ணனுக்கும் ஐமேப்தான் போட்டாங்க. “இனிமே கவலையே இல்லண்ணே, எல்லாம் சர்வர்ல பத்திரம்”னு ஒரு வாக்கும் கொடுத்தாங்க. சில வருஷம் கழிச்சு மெயில் பெட்டி நிறைஞ்சுபோய் புது மெயில் திரும்பிப் போக ஆரம்பிச்சுது. பையன் போன்ல உட்கார்ந்து பழைய மெயில்களை மொத்தமாத் தேர்வு செஞ்சு அழிச்சான். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணினான். நல்ல பிள்ளை, வேலையை முழுசா முடிச்சான்! அடுத்த தடவை பட்டறைக் கணினி சர்வரோட பேசினப்போ அங்கேயும் அத்தனையும் காணாமப் போச்சு. அதுல ஒரு கம்பெனி “பில்லை ஒத்துக்கறோம்”னு எழுதின மடலும் இருந்துது. அவங்க இப்போ “அப்படி எதுவும் எழுதலையே”ங்கறாங்க. அண்ணன்கிட்ட காட்ட ஒண்ணுமில்லை.

ஒத்திசைவு வேற, காப்புப்பிரதி வேற. ஐமேப் உங்க தப்பையும் எல்லாக் கருவிக்கும் விசுவாசமாக் கொண்டுபோய்ச் சேர்க்கும். “ஐமேப் இருக்கு, பேக்கப் எதுக்கு”ன்னு எழுதற நம்மாளுங்க இதை மட்டும் சொல்றதே இல்லை.

என்ன செய்யலாம்?

ஒரே கணினி, மெதுவான லைன், சர்வர்ல கொஞ்சம் இடம்: பாப்3. ஆனா “சர்வர்ல பிரதி வை” டிக்கும் பதினாலு நாளோ முப்பது நாளோ கெடுவும் கட்டாயம். கெடு முடிஞ்சா வீட்டுல இருக்கிறது ஒரே பிரதிதான், அதுக்கு இன்னொரு நகல் வெளி டிஸ்க்ல வேணும்.

போன், மடிக்கணினி, ஆபீஸ்னு பல இடம்: ஐமேப். மாசம் ஒரு தடவை முக்கியமான மடல்களை தண்டர்பேர்டுல “லோக்கல் ஃபோல்டர்ஸ்”க்குள்ள நகலெடுங்க. அது சர்வரோட பேசாது, அதனால அங்கே அழிஞ்சாலும் இங்கே இருக்கும். அந்த டிஸ்க்குக்கும் ஒரு நகல், வேற வீட்டுல இருந்தா இன்னும் நல்லது.

எதுவானாலும் பழைய 110, 143 கதவு வழியா மறையாக்கம் இல்லாமப் போகாதீங்க. பாப்புக்கு 995, ஐமேப்புக்கு 993.

அடுத்த தடவை யாருக்காவது மெயில் போட்டுக் கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “இந்தக் கணினி நாளைக்கே தண்ணியில முழுகினா, இல்ல யாராவது தப்பா அழிச்சுட்டா, உங்க கடிதம் வேற எங்கே இருக்கும்?” பதில் இல்லைன்னா உங்க வேலை இன்னும் முடியலை.

டிஸ்கி: அண்ணனுக்கு இப்போ ஐமேப்தான். கூடவே ஒரு வெளி டிஸ்க், பரண்மேல. தண்ணி அவ்வளவு உசரம் வராதுங்கற நம்பிக்கைதான்!