"கடிக்கு ஒரு கிறீம் தாங்க" என்று கேட்கும் நம்மவர்களுக்கு

பங்கஸ் என்றால் நம்மூரில் யாருக்கும் பயமில்லை. தேமல், படர்தாமரை, கால்விரல் இடுக்கில் புண், அவ்வளவுதானே! பாமசிக்குப் போய் "கடிக்கு ஒரு கிறீம் தாங்க" என்றால் போதும், அவரும் இடத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு ட்யூப்பை எடுத்து நீட்டுகிறார். கேட்பவரிலும் பிழை, கொடுப்பவரிலும் பிழை என்று நாங்கள் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அப்படி விற்கும் பல கிறீம்களில் பங்கஸ் மருந்தோடு குளோபெட்டசோல், பீட்டாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட்டும் கலந்திருக்கிறது. ஸ்டீரொயிட் பங்கஸைக் கொல்லாது. கடியையும் சிவப்பையும் அடக்கும். இரண்டு நாளில் சுகம் என்று நினைத்துப் பூசுவதை நிறுத்துவார்கள், பங்கஸோ தன்பாட்டில் பரவிக்கொண்டிருக்கும். பிறகு தோல் மெலிந்து, வட்டம் உருமாறி, டொக்டருக்கே அடையாளம் பிடிபடாமல் போகும். கழுத்திலும் கையிலும் இப்படியான அடையாளங்களோடு வகுப்புக்கு வரும் பிள்ளைகளைக் கேட்டால், "உம்மா பூசுற கிறீம்தான்" என்கிறார்கள். ஒரே ட்யூப், முழுக் குடும்பத்துக்கும்.

கிறீம் சரிவராவிட்டால் அடுத்தது மாத்திரை. எங்களுக்குப் பெரிய கவலையே அதுதான்.

பற்றீரியாவின் கலம் நமது கலத்திலிருந்து நன்றாக வேறுபட்டது. பங்கஸின் கலமோ நமதைப் போலவே கருவுள்ளது. ஓ.எல். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும். அதனால் பங்கஸை அடிக்கப்போனால் நமக்கும் அடி விழும். 1950களில் வந்த அம்போடெரிசின் பி இன்றும் உயிர் காக்கிறது, சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பதும் அதுவேதான். உடம்புக்குள் இறங்கிய பங்கஸுக்கு எதிரான மருந்துக் குடும்பங்களை ஒரு கைவிரலுக்குள் எண்ணிவிடலாம். துண்டில்லாமல் வாங்கி நாலு நாளில் கைவிடுகிற புளூகொனசோலும் இற்ராகொனசோலும் அதில் ஒரு குடும்பம். 2005இல் நமது நாட்டில் சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்ட தாய்மார் ஐந்து பேருக்கு அஸ்பெர்ஜிலஸ் பங்கஸால் மூளைக்காய்ச்சல் வந்து, உயிர்களும் போயின. அந்தப் பங்கஸுக்குக் கொடுக்கும் வொரிகொனசோலும் இதே குடும்பத்து மருந்துதான்.

அரைகுறையாக மருந்தெடுத்தால் மிஞ்சுவது மருந்துக்கு அடங்காத பங்கஸ். டேர்பினஃபினுக்கு மசியாத படர்தாமரை இந்தியாவில் பெருகி, இப்போது பல நாடுகளிலும் காணப்படுகிறது. நம்மிடம் வர அதற்கு விசா தேவையில்லை.

"டொக்டரிடம் போகக் காசு வேண்டுமே" என்பார்கள். அரச வைத்தியசாலையில் பார்ப்பது இலவசம். வரிசையில் நிற்கத்தான் வேண்டும், அரை நாள் கூலி போகும் என்பதும் உண்மை. ஆனால் மாதக்கணக்கில் வாங்கிய ட்யூப்களின் விலையைக் கூட்டிப் பாருங்கள். "நான் கொடுக்காட்டி அடுத்த கடையில வாங்குவாங்க" என்கிறார்கள் பாமசி நடத்தும் சகோதரர்கள். ஊரில் இருப்பது எத்தனை பாமசி? ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்து, துண்டில்லாமல் ஸ்டீரொயிட் கலந்த கிறீமும் பங்கஸ் மாத்திரையும் கொடுப்பதில்லை என்று முடிவெடுக்க முடியாதா?

சீனி வருத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இதையும் கேளுங்கள். 2021இல் இந்தியாவில் 40,000க்கும் மேற்பட்டோரைப் பிடித்த கறுப்புப் பூஞ்சை, கொவிட்டோடு கட்டுப்பாடற்ற சீனியும் ஸ்டீரொயிட்டும் சேர்ந்த உடம்புகளைத்தான் அதிகம் தேடிப் போனது. புளூகொனசோல் அதற்கு வேலை செய்யாது. முகத்தில் ஒரு பக்கம் வீக்கம், மூக்கிலிருந்து கறுப்பாக வடிதல், கண் வீங்கிப் பார்வை மங்குதல் என்றால் பாமசி வாசலில் நிற்காதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.