ரத்தம் கொதிக்கவே இல்லையே!

ஆபீஸ்ல ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் கேட்டாங்கன்னு அபிராமபுரத்துல எங்க தெருமுனை கிளினிக்குக்குப் போனேன். மாடி ஏறின மூச்சு அடங்கறதுக்குள்ள கையில பட்டையைச் சுத்திட்டாங்க. 152/96. வயசு 28. பயந்துபோய் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னா, 158! :-(

"பொட்டி தட்டற வேலை, டென்ஷன்தான்" என்றார் அம்மா.

அப்புறம் ஒரு வாரம் வீட்டு மெஷின்ல பார்த்தேன். காபிக்கு முன்னாடி, அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, வாயைத் திறக்காமல் (இதுதான் கஷ்டம்). 124ஐத் தாண்டவில்லை. டாக்டரைப் பார்த்தால் ஏறுகிற இந்த பிபி பழைய சமாச்சாரம்தான். 1983ல இத்தாலியில் மான்சியா என்பவரின் குழு 48 பேரின் தமனிக்குள்ளேயே குழாய் வைத்து அளந்தது. டாக்டர் பக்கத்தில் வந்து பிபி பார்க்க ஆரம்பித்த சில நிமிஷத்தில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி எகிறியதாம். பதற்றம் பிபியை ஏற்றும், பதற்றம் போனால் இறங்கிவிடும். அதுவரைக்கும் அம்மா சொன்னது சரி.

வில்லங்கம் எங்கேன்னா, இதையெல்லாம் அப்பா கேட்டுக்கிட்டு இருந்தார்.

அவருக்குப் பதினோரு வருஷமா பிபி மாத்திரை. "நான்தான் ரிட்டையர் ஆயிட்டேனே, டென்ஷனே கிடையாது, எனக்கெதுக்கு மாத்திரை?" மூணு வாரம் யாருக்கும் தெரியாமல் நிறுத்தியிருக்கார். அட்டையில் மாத்திரை குறையாததைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். காலையில் எழுந்ததும் உட்கார வைத்துப் பார்த்தால் 168/102. மனுஷன் ஜாலியா ஹிண்டு படிச்சுக்கிட்டு இருக்கார். தலைவலி, மயக்கம், ஒண்ணும் இல்லை.

நான் குறை சொல்றது நம்ம வார்த்தைகளைத்தான். தமிழில் ரத்தக் கொதிப்பு, இங்கிலீஷ்ல ஹைப்பர்'டென்ஷன்'. ரெண்டுமே கோபக்காரனுக்கும் கவலைப்படுறவனுக்கும் வர்ற வியாதி மாதிரியே தொனிக்குது. தமனி விறைப்பு, சிறுநீரகம் உப்பைக் கையாளும் விதம், பரம்பரை – இதுக்கெல்லாம் உங்க மனசு அமைதியா இருக்கான்னு அக்கறை இல்லை. பல வருஷக் கவலை தூக்கத்தைக் கெடுத்து, சிகரெட்டைப் பிடிக்க வைத்து பிபிக்கு வழி பண்ணலாம்தான். ஆனா கவலை இல்லைன்னா பிபி இல்லைன்னு அர்த்தமில்லை.

அப்பா லேசில் விடுவாரா? சர்ப்பகந்தாவை இழுத்தார். 1931ல கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அந்த வேரைப் பத்தி எழுதின கட்டுரை, மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் புது இந்திய மருந்துன்னே தலைப்பு. "ஒரே வேர் ரெண்டையும் தணிக்குதுன்னா ரெண்டும் ஒண்ணுதானேடா?"

நல்ல கேள்வி. 1952ல அதிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின், நரம்பு முனையில் இருக்கும் நார்அட்ரினலின் சேமிப்பைக் காலி பண்ணிடும். ரத்தக்குழாய்ப் பக்கம் நடந்தால் பிபி இறங்கும். மூளையில் நடந்தால் ஆள் அடங்குவார். பிபிக்குச் சாப்பிட்ட சிலர் மனச்சோர்வில் விழுந்ததாகவும் பதிவாகியிருக்கு. ஒரே சுவிட்ச் ஃபேனையும் லைட்டையும் அணைச்சா, ஃபேன்தான் லைட்டா?

இதுக்கு அவர் பதில் சொல்லலை. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், மாத்திரை மறுபடி ஆரம்பிச்சாச்சு. டப்பா இப்போ காபி டபரா பக்கத்திலேயே இருக்கு. அதைப் பார்த்தாலே டென்ஷன் ஆகுதாம் அவருக்கு :-)