2.03 மீற்றர்: தங்கம் நாட்டுக்கு, தீ எங்களுக்கு

உடப்புக் கடற்கரையில் அண்மையில் ஒரு மாலை. கரைவலை இழுத்து முடிந்திருந்தது. இரண்டு தடிகளுக்கு நடுவே கயிறு கட்டிச் சிறுவர்கள் பாய்ந்துகொண்டிருந்தார்கள். கயிறு உயர உயர ஒவ்வொருவராக விலக, ஒருவன் மட்டும் மிஞ்சினான். "எதிர்வீரசிங்கத்தைத் தெரியுமா தம்பி?" என்று கேட்டேன். "யாரு அக்கா அது?" என்றான்.

அவனில் பிழையில்லை. அந்தப் பெயரை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

யாழ்ப்பாணம் பெரியவிளானைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ். மத்திய கல்லூரி மாணவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தபோது அவருக்கு வயது 17. 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி.

டோக்கியோ போட்டி நடந்த நாட்களைக் கவனியுங்கள்: 1958 மே 24 முதல் ஜூன் 1 வரை. இங்கே தமிழருக்கு எதிரான வன்முறை மே 22இல் வெடித்தது. மே 27இல்தான் அவசரகாலச் சட்டம் வந்தது. வீடிழந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொழும்பிலிருந்து கப்பலேற்றி வடக்குக்கு அனுப்பப்பட்டார்கள். தமிழன் ஒருவன் நாட்டின் கொடியை டோக்கியோவில் உயர்த்திய அதே நாட்களில், அவனுடைய மக்கள் அதே நாட்டில் உயிருக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பதக்கம் வாங்கித் தந்தால் இந்த நாடு நம்மைச் சமமாக நடத்தும் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். 1958 அதற்குப் பதில் சொல்லிவிட்டது. பதக்கம் ஒருவனுக்குக் கைதட்டல் வாங்கித் தரும். அவன் ஊருக்குப் பாதுகாப்பு வாங்கித் தராது.

எதிர்வீரசிங்கமும் இதை உணர்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் படித்து, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஆபிரிக்க நாடுகளில் கற்பித்த அவர், பிற்காலத்தில் வடக்கு கிழக்கின் கல்வி மீளமைப்புக்காக உழைத்தார். பதக்கத்தைக் காட்டிப் பெருமை பேசுவதைவிடப் பாடசாலைகளைக் கட்டுவது முக்கியம் என்பது அவர் வாழ்ந்து காட்டிய பாடம். 2024 ஏப்ரலில் 89 வயதில் காலமானார்.

அந்தப் பாடம் புத்தளம் கரைக்கும் பொருந்தும். இதே மாவட்டத்தின் வென்னப்புவவில் படித்த உஷான் திவங்க 2021இல் அமெரிக்காவில் 2.30 மீற்றர் பாய்ந்தார். 2004இல் மஞ்சுள குமார வைத்த 2.27 மீற்றர் தேசிய சாதனை அன்று முறிந்தது. ஆகவே இந்தக் கரையில் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வாய்ப்பு யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதே கேள்வி.

எதிர்வீரசிங்கத்தின் காலத்தில் பாய்பவர்கள் மணலிலோ மரத்தூளிலோ விழுந்தார்கள். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் ஃபொஸ்பெரி முதுகைத் திருப்பிப் பாய்ந்து வென்ற பிறகு அந்த முறையே உலகெங்கும் பரவியது. அதற்குத் தடித்த மெத்தை வேண்டும். மணலில் முதுகால் விழுந்தால் கழுத்து முறியும். அன்று மணல் குழி போதும். இன்று மெத்தை இல்லாத பாடசாலை தன் பிள்ளையைப் பழைய முறையிலேயே நிறுத்திவைக்கிறது. வலய மட்டப் போட்டியோடு அவன் பயணம் முடிந்துவிடுகிறது.

நான் போய்ப் பார்த்த தமிழ்மொழிப் பாடசாலை ஒன்றில் இருந்தது மணல் குழி மட்டுமே. உடப்பு மீனவர் பிள்ளைகளும், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் இந்த மாவட்டத்தில் தமிழில்தான் படிக்கிறார்கள். வடமேல் மாகாணத்தில் அவர்கள் சிறுபான்மை. வடக்கு கிழக்கை மட்டுமே பார்க்கும் புலம்பெயர் உதவியும் அவர்களை எட்டுவது அரிது.

கேட்க வேண்டியது பெரிதல்ல. சில பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒரு மெத்தை, தமிழில் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒரு பயிற்றுநர். மாகாணக் கல்வித் திணைக்களத்திடம் இதை உரிமையாகக் கேட்கலாம். பழைய மாணவர் சங்கங்களிடம் உதவியாகவும் கேட்கலாம்.

அன்று மாலை அந்தச் சிறுவனுக்குக் கதையை முழுதாகச் சொன்னேன். கலவரத்தையும் சேர்த்தே சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "2.03 எவ்வளவு உயரம் அக்கா?"

கையை என் தலைக்கு மேல் நீட்டிக் காட்டினேன். அவன் போய்க் கயிற்றை இன்னும் ஒரு சாண் உயர்த்திக் கட்டினான்.